விருந்தாளிக்காகத் துடைத்த நாற்காலி

நகராட்சி இன்ஜினியர் வரும்போது வீடு எவ்வளவு கேவலமாகக் கிடக்க முடியுமோ அவ்வளவு கேவலமாகக் கிடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தாஹர் காலையில் வேலைக்குக் கிளம்பினார்.

"மன்னூபியா, துடைப்பத்தைத் தொட்டுடாத. உன் முழங்காலுக்காகத்தான் சொல்றேன்."

மன்னூபியாவுக்கும் அது புரியாமல் இல்லை. தூனிஸின் பழைய நகரத்தில் என்றோ ஒரு பிரபு கட்டிய மாளிகை அது. இப்போது அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே கழிப்பறை. மாடியிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் அவள் முழங்கால் கெஞ்சும். பழைய நகரத்தைச் சீர்படுத்த நகராட்சி ஒரு திட்டம் போட்டிருந்தது. குடியிருக்கத் தகுதியில்லாத அறைகளில் இருப்பவர்களுக்குப் புறநகரில் புது வீடு. தேறுகிற அறை என்றால் பழுதுபார்த்து, இருப்பவர்களை அங்கேயே விட்டுவிடுவார்கள். புது வீட்டில் லிஃப்ட் உண்டு, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே. அதை எண்ணி எண்ணியே அவள் இரண்டு வருஷம் ஓட்டியிருந்தாள்.

ஆனாலும் வருகிறவன் விருந்தாளி அல்லவா? அவன் உட்கார ஒரு நாற்காலியையாவது துடைத்து வைப்போம் என்று துடைத்தாள். பளபளத்த நாற்காலிக்குப் பக்கத்தில் மேஜை பல்லை இளித்தது. மேஜையைத் துடைத்ததும் சுவர் கண்ணை உறுத்தியது. மூலையில் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமிருக்கவே, அதையும் அடித்தாள். வெள்ளைச் சுவரில் அதுவரை தெரியாத விரிசல் இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

அதை மறைக்க ஒரு கம்பளம் கேட்டு எதிர் அறை தலெந்தாவிடம் போனாள். தலெந்தா கம்பளத்தோடு மெத்தைகளையும் ஆளுயரக் கண்ணாடியையும் தூக்கிக் கொடுத்தாள்.

"கொண்டு போங்கக்கா. நமக்குள்ள என்ன இருக்கு?"

சேதி பரவியதும் கேட்காதவர்களும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி பித்தளை விளக்கு, ஒருத்தி பட்டு விரிப்பு. கீழறை கமர் தன் கட்டிலையே கழற்றிப் புருஷன் தலையில் ஏற்றி அனுப்பினாள். இப்படிப்பட்ட மனுஷர்கள் வேறெங்கே கிடைப்பார்கள் என்று மன்னூபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் திரும்பிய தாஹர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மன்னிக்கணும்" என்று சொல்லி வெளியே போனார். பிறகு உள்ளே நின்றது தன் மனைவிதான் என்று உறைத்துத் திரும்பி வந்தார்.

"என்னடி இது?"

"ஒரே ஒரு நாற்காலிதாங்க துடைச்சேன்."

திட்ட நேரமில்லை. இன்ஜினியர் லுத்ஃபி படியேறி வந்துகொண்டிருந்தார். மன்னூபியா அவரை உட்காரவைத்து, பைன் கொட்டை மிதக்கும் புதினாத் தேநீரும் பேரீச்சம்பழம் வைத்த ரவைப் பலகாரமும் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் கொண்டுவந்த ஃபைலைத் திறக்கவே மறந்துபோனார்.

கூரை ஒழுகும் என்று தாஹர் ஆரம்பித்தார். இன்ஜினியர் நிமிர்ந்து, உத்தரத்தின் பூவேலைப்பாட்டில் சொக்கிப்போனார். சுவரில் விரிசல் என்று கம்பளத்தை விலக்கிக் காட்டினார் தாஹர். இன்ஜினியர் தட்டிப் பார்த்து, மேல்பூச்சுதான் விட்டிருக்கிறது, கல் இரும்பாக இருக்கிறது என்றார்.

"கழிப்பறைக்குக்கூட வரிசையில நிக்கணும் சார்."

"அப்படி ஒரு வரிசையில நின்னுதான் எங்கம்மா என் அக்காவுக்கு மாப்பிள்ளையே பார்த்தாங்க" என்றார் இன்ஜினியர்.

அவரும் இதுபோன்ற வீட்டில் வளர்ந்தவராம். அதை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்களாம். தான் குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு இன்னொரு பலகாரத்தை எடுத்துக்கொண்டார்.

கேட்கக் கேட்க மன்னூபியாவுக்கும் மனசு பின்னால் ஓடியது. கல்யாணமாகி வந்த அன்று முற்றம் நிறையப் பெண்கள் குலவையிட்டது நினைவுக்கு வந்தது. மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது முறைவைத்து விழித்திருந்தவர்கள், ரமலான் மாலைகளில் அறைக்கு அறை கைமாறிய சூப்புக் கிண்ணங்கள், எல்லாம் வந்தன. இத்தனை நாள் இந்த வீட்டை வெறுத்ததற்காக அவள் வெட்கப்பட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. இதை விட்டுப் போக மனசு வருதா?"

தாஹர் அவள் காலை மிதித்தார்.

"வரலை தம்பி. இந்த ஜனங்களை விட்டுட்டு லிஃப்டை வச்சு நான் என்ன பண்றது?"

இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழுதுபார்த்துத் தருவது, குடும்பம் இங்கேயே இருப்பது என்று எழுதிக்கொண்டு மற்ற அறைகளைப் பார்க்கப் போனார்.

தாஹர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மிச்சமிருந்த பலகாரத்தை எடுத்துக் கடித்தபடி, போகட்டும், சாயங்காலம் சீட்டாட ஆளாவது இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சற்று நேரத்தில் முற்றத்தில் குலவைச் சத்தம் கேட்டது. தலெந்தா மூச்சிரைக்க ஓடிவந்தாள். மன்னூபியா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நாங்க எங்கயும் போகலடி. உங்க எல்லாரோடயும் இங்கேயே இருக்கறதா சொல்லிட்டேன்."

தலெந்தா திருதிருவென்று விழித்தாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க எல்லாருக்கும் புது வீடு எழுதிட்டாரு. வெறும் தரையைக் காட்டத்தானே சாமானெல்லாம் உங்க வீட்ல கொண்டுவந்து கொட்டினோம்."