ஏழாம் கட்டிலுக்கு எத்தனை வலி?

"பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்கய்யா."

"எது எவ்ளோ?" என்றார் ஏழாம் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த தாமோதரன்.

"வலிதான். சுத்தமா இல்லைன்னா சைபர். உயிர் போகுதுன்னா பத்து."

"எனக்கா? எனக்கு இன்னா வலி! சைபர் போட்டுக்க தாயி."

நர்ஸ் செங்கொடி பேனாவைத் தாளில் வைத்தாள்.

"சைபரா? எட்டு போடும்மா!" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள் தாமோதரனின் மனைவி மங்கம்மா. "இந்தாளு சொல்றாருன்னு சைபர் எழுதிகினு கீறியே!"

பேனா அப்படியே நின்றது.

செங்கொடிக்கு அன்றோடு ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிகிறது. பதினொரு மணிக்குத் தரம் பார்க்கும் குழு வருகிறது. "வலி சார்ட்ல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் உன் வேலையும் காலி" என்று வார்டு இன்சார்ஜ் சௌமியா காலையிலேயே சொல்லிவிட்டார். வியாசர்பாடி வீட்டிலோ, வேலை நிரந்தரமாகிவிடும் என்று நம்பி அம்மா கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தாள்.

நேற்றுவரை மாடியில் குழந்தைகள் வார்டில் இருந்தவள் செங்கொடி. ஆண்களும் பெண்களுமாகப் பத்துக் கட்டில் கிடந்த இந்த வார்டை, ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் கிளம்பிப் போன நர்ஸ் இரண்டு நிமிடத்தில் ஒப்படைத்திருந்தாள். "ஆறு, சுகர் கால். ஏழு, பித்தப்பை ஆபரேஷன், ரெண்டாம் நாள். எட்டு, காய்ச்சல், இன்னிக்குத்தான் வந்தது." அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பெயர் கிடையாது. சார்ட்டின் தலையிலும் '7' என்று மட்டும்தான் இருந்தது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. வீட்டுக்காரர் சொல்லட்டும்."

"ஆமா, எல்லாம் அவரே சொல்லட்டும். ஆபரேசனுக்குக் கையெழுத்து போட்டதும் அவுருதானே. வலியையும் அவுரையே கேளு!"

"ஏம்மா, அவளையே கேட்டுக்கயேன். அவ சொன்னா கரீட்டா இருக்கும்" என்றார் தாமோதரன்.

பாவம், பெண்டாட்டிக்குப் பயந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் செங்கொடி. ஆனால் பாடத்தில் படித்தது மறக்குமா? நோயாளி சொல்வதைத்தான் எழுத வேண்டும், கூட இருப்பவர் சொல்வதை அல்ல.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மாடிக்கு ஓடி, குழந்தைகளுக்குக் காட்டும் மூஞ்சிப் பட அட்டையை எடுத்து வந்தாள். சிரிக்கும் மூஞ்சியில் ஆரம்பித்து அழும் மூஞ்சியில் முடியும் ஆறு படங்கள்.

"இதுல உங்க மூஞ்சி எதுன்னு தொட்டுக் காட்டுங்கய்யா."

தாமோதரன் சிரிக்கும் மூஞ்சியைத் தொட்டார். "சோக்கா கீதுல்ல?"

மங்கம்மா எட்டி, அழும் மூஞ்சியில் விரலை வைத்து அழுத்தினாள். "இது. கண்ணீர் போதாது, இன்னும் ரெண்டு சொட்டு வரைஞ்சிக்க."

எட்டாம் கட்டிலில் போர்வைக்குள் கிடந்த கலீலுல்லா எழுந்து உட்கார்ந்துவிட்டார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். காய்ச்சலிலும் தொழில் விடுமா?

"அண்ணன் சைபர், அண்ணி எட்டு! எட்டு ஒரு தரம்... எட்டு ரெண்டு தரம்..."

"நாலுக்கு முடிச்சிக்கலாமே" என்றது ஆறாம் கட்டில்.

"நாலா? கெட்டுப்போன சங்கரா மீனையே அந்த வெலைக்கு வுடமாட்டாங்க. எட்டு மூணு தரம்! முடிஞ்சிது சிஸ்டர், எழுதிக்க!"

வார்டே சிரித்தது. "அய்யோ, சிரிக்க வைக்காதீங்கடா, உசுரு போவுது" என்று தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டாள் மங்கம்மா.

மணி பத்து ஐம்பது. வலியை மறைக்கிற ஆம்பிளைகள் உண்டு என்றும் பாடத்தில் இருந்ததே! செங்கொடி '8' என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் நினைவு வந்தது, நாலைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

போனை எடுத்தாள். "டாக்டர் அமீர்? ஏழுக்கு எட்டு டாக்டர்."

"ஏழா, எட்டா? ஒழுங்கா சொல்லும்மா."

"ஏழாம் கட்டிலுக்கு எட்டு வலி."

"எட்டா? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க? எழுதி வச்சிருக்கிற ஊசியை உடனே போடு."

ஊசியோடு வந்தவளைப் பார்த்ததும் மங்கம்மாவின் முகம் மலர்ந்தது. "வா என் ராசாத்தி! ராத்திரிலேர்ந்து இதுக்குத்தான் கத்திகினு கீறேன். இப்பவாச்சும் ஒருத்திக்குக் காது கேட்டுச்சே!"

"இதோ போட்டுடறேம்மா" என்ற செங்கொடி கட்டில் பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க. லுங்கியைக் கொஞ்சம் தளர்த்திக்குங்க."

"யாரு? நானா?"

"நீங்கதான். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மீன்பிடிக்கப் போய் நடுக்கடலில் புயலைப் பார்த்தவர்தான் தாமோதரன். ஆனால் அந்த ஊசியின் நீளத்தைப் பார்த்த மறுகணம் லுங்கியை மடித்துக் கட்டி, கலீலுல்லாவின் கட்டிலைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

"ஐயா, தையல் பிரிஞ்சிடும்! ஓடாதீங்க!" என்று ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள் செங்கொடி.

அந்த நேரம் பார்த்து வார்டு கதவைத் திறந்தார் தரக் குழுத் தலைவர் ராமதாஸ். அவருடைய கைக்கு அடியில் குனிந்து, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி மறைந்தார் தாமோதரன். கூடவே வந்த சௌமியாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா அது?"

"ஏழு, சார்" என்றாள் செங்கொடி மூச்சு வாங்க. கேசரி போயே போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பித்தப்பை ஆபரேஷன். ரெண்டாம் நாள்."

"ரெண்டாம் நாளா?" ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ரெண்டாம் நாள் நோயாளியா இந்த ஓட்டம் ஓடறார்? இருபது வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போறேன். இப்படி ஒரு நர்சிங்கை நான் பார்த்ததில்லை!"

படிவத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க" என்று சௌமியாவிடம் சொன்னார். சௌமியாவுக்கு ரத்தம் திரும்பி வந்தது. செங்கொடிக்கு ரவை மணம் மூக்கில் ஏறியது.

படிக்கட்டில் தாமோதரனுக்கு வழிவிட்டு, வாளியும் துடைப்பமுமாக அப்போதுதான் உள்ளே வந்த வார்டு ஆயா கெங்கம்மா, ஒரு நிமிடம் ஏழாம் கட்டிலையும் செங்கொடியின் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தாளு ஓடாம இன்னா பண்ணுவாரு சார், பித்தப்பையை எடுத்தது ஸ்டூல்ல குந்திகினு கீற இந்தம்மாவுக்குத்தானே!"