நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கத்து டாக்டர்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது எதற்காக என்று யாராவது கேட்டால் தயங்காமல் எங்கள் அலுவலகத்தைக் காட்டுவேன். வசதியில்லாத நோயாளிகள் மருத்துவரிடம் போய்வர இலவசமாகக் கார் அனுப்பும் ‘அவசரமற்ற மருத்துவப் பயண’ அலுவலகம் அது. மூச்சு நின்றால் ஆம்புலன்ஸ் வரும். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் நாங்கள் வருவோம், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே சொல்லியிருந்தால்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் ஆறு மலை மாவட்டங்களுக்கு நான்தான் ‘பயண ஒருங்கிணைப்பாளர்’. அதாவது, போன் எடுப்பவன்.

ஆர்டித் ஸ்லோன் என்ற அம்மாள் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார். வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவேயில்லை. இன்னும் விட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருடைய டாக்டர் எச்சரித்திருந்தார். வாக்கர் பிடித்துத்தான் நடை. சொந்தமாகக் கார் கிடையாது.

டாக்டர் எங்கே இருக்கிறார் என்று முறைப்படி விசாரித்தேன்.

“எதிர்ல.”

“எதுக்கு எதிர்ல?”

“என் வீட்டுக்குத்தான் கண்ணு. வாசல்ல உக்காந்தா அவரு போர்டு தெரியுது. நடுவுல நாலு வழி ரோடு. நிலக்கரி லாரி பறக்கற பறப்புல வாக்கரத் தள்ளிக்கிட்டு நான் எங்க தாண்டுறது?”

கணினியில் தட்டினேன். ‘நடை தூரம். பயணம் அவசியமற்றது’ என்று வந்தது. கணினிக்குப் புண்ணும் தெரியாது, லாரியும் தெரியாது. அந்தப் பாரபட்சமின்மையை நான் எப்போதுமே மெச்சுவேன்.

ஆனாலும் எங்களுக்கு இதயம் உண்டு. மேலாளர் ஹோலிஸ் அம்மையார் இதற்கென்றே கூட்டம் போட்டார். நாற்பது நிமிடம், இரண்டு பெட்டி டோனட். நல்ல முடிவு எட்டப்பட்டது: ஆர்டித் இன்னும் தூரத்தில் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்தால் அவருக்குத் ‘தகுதி’ வந்துவிடும். ஐம்பத்திரண்டு மைல் தள்ளி கார்னெட் என்ற ஊரில் ஒருவர் அகப்பட்டார். கணினி அரை நொடியில் அனுமதித்தது. ஆர்டித்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எதிர்ல இருக்கிற டாக்டர்கிட்ட போகக் கார் கிடையாது, அம்பத்திரண்டு மைல் போக உண்டு. அப்படித்தான?”

ஆமாம் என்றேன். அதுவும் இலவசம் என்றேன். “நல்லாயிருக்கு கண்ணு உங்க ஞாயம், போட்டு வையி” என்று போனை வைத்தார். நன்றிப்பெருக்கு என்று குறித்துக்கொண்டேன்.

முதல் பயணத்துக்கு ஓட்டுநர் லவெல் சொன்ன நேரத்தில் போய் நின்றார். விதிப்படி ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். ஆர்டித்துக்கு வாசலின் ஒன்பது படியை இறங்க ஏழு நிமிடம் ஆகும். லவெல் காத்திருக்கத்தான் நினைத்தார். காரில் பொருத்திய கருவி கத்திக்கொண்டே இருந்ததால் கிளம்பிவிட்டார். கடைசிப் படியிலிருந்து ஆர்டித் காரின் பின்பக்கத்தைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ‘பயணி வரவில்லை’ என்று பதிவானது.

அடுத்த முறை அவர் காலை ஆறு மணிக்கே சமையலறை நாற்காலியைச் சாலையோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கார் ஒன்பதுக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர்: ஒருவர் சிறுநீரகத்துக்கு, ஒருவர் பல்லுக்கு, இன்னொருவர் முந்தின நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு இன்னும் வீடு போய்ச் சேராதவர். எல்லோரையும் இறக்கி, ஐந்து ஊர் சுற்றி, கார்னெட்டை அடைந்தபோது மணி நாலரை. மருத்துவமனை நாலுக்கே பூட்டியாயிற்று. அவர்கள் ஏட்டில் ‘வரவில்லை’. எங்கள் ஏட்டில் ‘வெற்றிகரமான பயணம்’. அன்று மாலை ஆர்டித் போனில் சொன்னது ஒன்றுதான்: விரல் கறுக்க ஆரம்பித்திருக்கிறதாம். வருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாவது பயணத்தை உடனே, அதாவது மூன்று வேலை நாள் கழித்து, போட்டுக்கொடுத்தேன்.

அன்று ஆர்டித் ஏறிய கையோடு லவெல் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிச் சாலையின் அந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். பங்கை ஒட்டினாற்போல ஆர்டித்தின் பழைய டாக்டருடைய கிளினிக் வீற்றிருந்தது.

“லவெல், பெட்ரோல் போட எவ்வளவு நேரமாகும்?”

“எவ்வளவு நேரமாகணும் ஆர்டித்தம்மா?”

அதற்கப்புறம் லவெல் பெட்ரோல் போட்டார். நாலு டயருக்கும் காற்று பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். டாக்டர், முன்பதிவு இல்லையே என்று கேட்காமல், புண்ணைச் சுத்தம் பண்ணி, செத்த தோலை வெட்டி, மருந்து வைத்துக் கட்டிவிட்டார். விரல் தப்பியது என்றார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்த நர்ஸ் தன் காரிலேயே ஆர்டித்தைச் சாலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். அது இரண்டு நிமிடம்.

ஆனால் எங்கள் திரையில் பயணி ஒருவர் கார்னெட் போகும் வழியில், கால் மைலுக்குள்ளேயே காணாமல் போயிருந்தார். கடமை தவறாமல் மேலிடத்துக்கு எழுதினேன். தொலைபேசி விசாரணை நடந்தது. லவெல், பெட்ரோல் மூடி இறுகிப் போனதாகவும், அதோடு மல்லுக்கட்டியதில் பின்னால் பார்க்கவில்லை என்றும் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு ஹோலிஸ் அம்மையார் ஆர்டித்தைக் கேட்டார்.

“பாதி வழியில எதுக்கும்மா இறங்கினீங்க?”

“டாக்டரப் பாக்க.”

“கார்ல ஏறும்போதே அந்த எண்ணம் இருந்துச்சா?”

“அதுக்குத்தானம்மா காரே கேட்டேன்.”

ஹோலிஸ் அம்மையார் இதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்று பேனாவை மூடிவைத்தார். தீர்ப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது:

‘மருத்துவரைப் பார்க்கும் நோக்கத்துடனேயே எமது வாகனத்தில் ஏறியதாகப் பயணி தாமே ஒப்புக்கொண்டுள்ளபடியால், ஆறு மாத காலத்துக்கு அவருக்குப் பயணம் மறுக்கப்படுகிறது.’