முள் சாமியாரும் ஈரத்துணியும்

காலை ஏழு மணிக்கே மாடி ஹாலில் செருப்பு விட இடமில்லை. முள் சாமியார் வந்திருக்கிறாரே, சும்மாவா? இரண்டு பித்தளைக் குழாய்களைப் பிடிக்கச் சொல்வார். பெட்டியின் முள் நடுவில் நின்றால் ஆள் சுத்தம். விலகினால் தோஷம். தோஷம் கழியத் தீர்த்தம் உண்டு. தீர்த்தத்துக்கு விலை உண்டு.

போன வாரம் ஒரு கல்யாணத்தையே அந்த முள் நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை பதற்றத்தோடு பிடித்தார், முள் அசையவில்லை. பெண் பிடித்தாள், ஓரத்துக்கே ஓடியது. அவள் டீச்சர். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வகுப்பிலிருந்து நேராக வந்தவள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

பெண்ணின் அக்காவுக்குக் கல்லூரி இயற்பியல் லேபில் வேலை. கேட்டதும் சிரித்தாள், தங்கையின் வீங்கிய கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று தங்கையையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

பெட்டியைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் வாரந்தோறும் எடுத்து வைக்கும் மின்தடைப் பாலம்தான். பட்டுத்துணி போர்த்தியிருந்தது, அவ்வளவே. தராசு மாதிரி. ஒரு பக்கம் தெரிந்த தடை, மறுபக்கம் தெரியாத தடை. இரண்டும் ஈடானால் முள் நடுவில். சாமியார் தெரிந்த தடையை ஈரக் கைக்குத் தோதாக வைத்திருந்தார். பயத்தில் கை வேர்த்தவரெல்லாம் புண்ணியவான்கள்!

"இன்னொருத்தருக்கும் பாக்கணும் சாமி" என்றாள். சாமியார் தாராளமாகத் தலையாட்டினார்.

மூலை வாளியிலிருந்து தரை துடைக்கும் துணியை எடுத்துக் குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி சுற்றினாள். முள் மறுபக்கம் ஓடியது. கொஞ்சம் பிழிந்தாள். இன்னும் கொஞ்சம். முள் நடுவுக்கு வந்து சாதுவாக நின்றது.

"இந்தத் துணி போன ஜென்மத்துல என்ன புண்ணியம் பண்ணுச்சு சாமி?"

அவள் கை பட்டதால் வந்த சக்தி என்று சாமியார் சமாளித்தார்.

"அப்ப நீங்க பிடிங்க. கையை நல்லாத் துடைச்சுட்டு."

சாமியாருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. கூட்டம் விடவில்லை. பிடித்தார். முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது.

"சாமிக்கு ரெண்டு பாட்டில் தீர்த்தம் குடுங்கப்பா" என்றது பின்வரிசை.

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, குறித்த தேதியிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று குழைந்தார்.

தங்கை முன்னால் வந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் அத்தை. நீங்களும் ஒரு தடவை யோசிச்சுப் பழகுங்க. அதுக்கு எந்தக் குழாயையும் பிடிக்க வேண்டாம்."