ஹெப்சிபாவின் கண்ணியமான தலைவலி

மனைவிக்கு வரும் நோயைக் கண்ணியம் குறையாமல் நடத்திச் செல்வது எப்படி என்று உலகம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கற்க ஆசையிருந்தால் மதுரைக்கு வரட்டும். மதுரையிலும் திருநகருக்கு வரட்டும். அங்கே யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். நான் இன்பசேகரன். மிஷன் பள்ளியொன்றில் தலைமை கிளார்க், எங்கள் சபையில் கமிட்டி மெம்பர், நாலு பேர் மதிக்கிற ஆள்.

என் மனைவி ஹெப்சிபா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு நாலு வருஷமாக வலி. எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே, நல்ல குடும்பத்தில் பெயர் சொல்லாத ஒரு பிரதேசம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் பல்லைக் கடிப்பாள். போர்டில் கணக்குப் போடும்போது பாதியில் நிறுத்தி மேஜையைப் பிடித்துக்கொள்வாள். வலி வந்ததுகூடப் பரவாயில்லை. வருகிற வலி கொஞ்சம் இடம் பார்த்து வந்திருக்கலாம்.

நான் உடனே காரியத்தில் இறங்கினேன். வலியைப் போக்குவது டாக்டர் வேலை. அதற்கு ஒரு கௌரவமான இடம் ஒதுக்கிக் கொடுப்பது கணவன் வேலை. பள்ளியில் லீவு சொல்ல அதைக் 'காய்ச்சல்' ஆக்கினேன். சொந்தபந்தங்களிடம் 'வாயு' என்றேன். சபையில் ஜெபிக்கச் சொல்லும்போது ஒரேயடியாகப் பதவி உயர்வு கொடுத்து 'தலைவலி' என்று அறிவித்தேன். உடம்பில் அதைவிட மரியாதையான இடம் கிடையாது.

சபை பிரமாதமாக ஜெபித்தது. பெண்கள் சங்கச் செயலாளர் ஆனிமேரி அக்கா தைல டப்பாவோடு வீட்டுக்கே வந்து ஹெப்சிபாவின் நெற்றியில் சூடு பறக்கத் தேய்த்தார். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள். அடுத்த அறுப்பின் பண்டிகை ஆராதனையில் நானே எழுந்து சபைக்கு முன்னால் சாட்சி சொன்னேன்.

"கர்த்தருடைய கிருபையால் என் மனைவிக்கு இப்போது தலைவலி கிடையாது."

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சபை முழுவதும் எழுந்து நின்று அல்லேலூயா சொன்னது. ஹெப்சிபா மட்டும் எழுந்திருக்க முடியாமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மருத்துவ உலகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். மதுரையில் லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரி ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. டாக்டர்களும் என்னைப் போலவே பண்பாளர்கள். கேள்வியை என்னிடம்தான் கேட்பார்கள்.

"மேடத்துக்கு எங்க வலிக்குது சார்?"

"வயிறுங்க டாக்டர்."

"மேல் வயிறா, கீழ் வயிறா?"

"பொதுவா வயிறுங்க."

ஹெப்சிபா வாயைத் திறப்பாள். நான் அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவேன். டாக்டரும் பெருந்தன்மையாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இப்படியாக, 'பொது வயிற்றுக்கு' எண்டோஸ்கோப்பி நடந்தது. ஸ்கேன் நடந்தது. எல்லாம் நார்மல்! நார்மல் என்று வந்த நாளெல்லாம் நான் அல்வா வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். ஒரு பெரிய டாக்டர், ரிப்போர்ட்டில் வலி இல்லாததால் ஹெப்சிபாவுக்கும் வலி இல்லை என்று தெளிவுபடுத்தினார். அவள் அழுதாள், ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம். இன்னொரு டாக்டர், "ஒரு குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். எங்கள் மகள் ஐரின் காலேஜ் போகிறாள் என்று சொன்னேன். "அப்ப டென்ஷன்தான்" என்று கண் இமைக்கும் நேரத்தில் நோயையே மாற்றிவிட்டார். என்ன வேகம்!

இவ்வளவுக்குப் பிறகும் ஹெப்சிபாவுக்குத் திருப்தி வரவில்லை. ஒருநாள் காலையில் கைப்பையோடு வந்து நின்றாள்.

"மேலூர்ல சத்யப்ரியான்னு ஒரு டாக்டர் இருக்காங்க. நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"அவங்க பொம்பளைங்களுக்கான டாக்டர்ல? தலைவலிக்கு அங்க எதுக்கு?"

"யாருக்குத் தலைவலி?" என்றாள்.

கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் யோசித்துப் பார்த்ததில் மேலூரில் ஒரு வசதி தெரிந்தது. மதுரையைத் தாண்டி அந்தக் கோடி. நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கிளம்பினேன்.

சத்யப்ரியா சின்ன வயதுக்காரர். பெரியவர்களைப் பேசவிடும் பழக்கம் இல்லை. நான் "பொதுவா வயிறுங்க" என்று ஆரம்பித்ததுமே, "சார், வலி உங்களுக்கா அவங்களுக்கா? கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரட்டும்போது பார்த்துவிட்டேன். ஆனிமேரி அக்காவின் கணவர் இம்மானுவேல்.

"அண்ணே, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"அவளுக்குத் தலைவலி, தம்பி. நீங்க?"

"நமக்கும் தலைவலிதாண்ணே."

அடுத்து உட்கார்ந்திருந்த விவசாயி சின்னச்சாமி எழுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவராம். அவர் ஊருக்கும் மேலூருக்கும் நடுவில் மதுரையே கிடக்கிறது. "நம்ம வீட்டுக்காரிக்கு முதுகுங்க. எம்புட்டு வருசமோ முதுகுதான்" என்று கேட்காமலே சொன்னார். பெண்கள் மருத்துவமனை வாசலில் இரண்டு தலையும் ஒரு முதுகுமாக உட்கார்ந்திருந்தோம். அதற்குமேல் யாரும் யாரையும் துருவவில்லை. ஆண்களுக்குள் இருக்கும் நாகரிகத்தை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். ஹெப்சிபாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"காரணம் என்னன்னு இன்னைக்கே சொல்ல முடியாது சார்" என்றார் டாக்டர். "இன்னும் பார்க்க வேண்டியது இருக்கு. ஆனா வலி நிஜம். இத்தனை ஆஸ்பத்திரில ஒருத்தர்கூட வலிக்கிற இடத்தைப் பார்க்கல."

"சபையில என்ன வலின்னு சொல்றதுங்க?" என்றேன். பொறுப்புள்ள கணவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "வலி எப்ப ரொம்ப அதிகமாகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அந்த மாதிரி விஷயமெல்லாம் நான் கேட்டதும் இல்ல, அவ வாயத் தொறந்து சொன்னதும் இல்ல. எங்க குடும்பம் அம்புட்டுக் கண்ணியம்."

என் கை வழக்கம்போல ஹெப்சிபாவின் கையைத் தேடிப் போனது. அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சொல்லியிருக்கேன் டாக்டர். ராத்திரி இவரு என் கிட்ட வர்ற ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன், வலிக்குது, விடுங்கன்னு. 'மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல புள்ள இருக்கு'ம்பாரு. ஆனா விட மாட்டாரு."