அத்தைக்கு ஆறரைக் கண்

எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படி ஏறினால் படியை எண்ணுவேன். பேருந்தில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பியை எண்ணுவேன். நெய்வேலிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் முப்பத்து நான்கு வருடம் மண்மேட்டை அளந்தவனுக்கு இது தொழில் வியாதி என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி கோமதி ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் கல்யாணத்தன்றே மணமேடையில் அவள் மாலையில் எத்தனை ரோஜா என்று எண்ணிக்கொண்டிருந்தேனாம். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். (ஐந்து மாதத்தில் தொழில் வியாதி வருமா என்பது அவள் கேள்வி.)

ஓய்வு பெற்றதும் அளக்க மண் இல்லாமல் போயிற்று. டவுன்ஷிப்பில் சனிக்கிழமை மாலை நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் பதினாறு பேர். அதில் பதினைந்து பேர் பள்ளிப் பிள்ளைகள். வாழைப்பழமும் ஜாடியும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஐந்தாவது வாரம் டீச்சர் முகம் வரையும் கணக்கைப் போர்டில் போட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மனித முகத்தில் இவ்வளவு கணக்கு இருப்பது அறுபது வயதுவரை எனக்குத் தெரியாது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்து பாதியில் கோடு போட்டால் அங்கேதான் கண். (நாமெல்லாம் கண்ணைத் தூக்கி நெற்றியில் வைத்துவிடுகிறோம்.) முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய்: மூன்றும் சமம். காது, புருவ மட்டத்தில் ஆரம்பித்து மூக்கடியில் முடிய வேண்டும்.

எதிரில் இருப்பவரை அளக்கவும் ஒரு முறை உண்டு. பென்சில் பிடித்த கையை முழங்கை மடங்காமல் நீட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவருடைய கண் எவ்வளவு அகலமோ அந்த அளவைப் பென்சில் மேல் கட்டைவிரலால் பிடித்து, முகத்தின் குறுக்கே நகர்த்தி எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். சர்வே கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தே காலம் கழித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு மாதத்தில் பென்சில் இல்லாமல் வெறும் கட்டைவிரலால் அளக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பால்காரர், போஸ்ட்மேன், பஸ் கண்டக்டர், ஒருவரையும் விடவில்லை. (கண்டக்டருக்கு நாலே முக்கால்.)

அந்தச் சமயத்தில்தான் என் மகன் பிரபுவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். சுரங்கத்திலேயே ஏழு வருடம் கான்ட்ராக்டில் இருந்து பெர்மனென்ட் ஆகி, அவன் பெயரில் குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. என் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் அவன் வீட்டில்தான் இருந்தோம். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. ஐந்து வரன்கள் வந்து போய்விட்டன. ஐந்தில் மூன்று என்னால் போனவை. ஒரு வீட்டில் கேசரித் தட்டுகளைப் பார்த்து, “நம்ம தட்டுல நாலு முந்திரி, பொண்ணோட மாமா தட்டுல ஏழு” என்று கோமதியிடம் ரகசியமாகச் சொன்னேன். அது சமையலறை வரை கேட்டது. இன்னொரு வீட்டில், பெண்ணின் அம்மா சொன்ன வருடங்களை எல்லாம் கூட்டிக் கழித்து, “அப்படீன்னா பாப்பா ஒண்ணரை வயசுலயே ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்திருக்கணும்” என்றேன். மூன்றாவதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஆறாவது வரன் பண்ருட்டி. பெண் சுகந்தி, பள்ளிக்கூட டீச்சர். போட்டோ வந்த நாளிலிருந்து பிரபு ஷிப்ட் முடிந்து வந்தாலும் சவரம் செய்துகொண்டான். “இதுவும் போச்சுன்னா இனிமே நான் யாரையும் பாக்க வரமாட்டேம்மா” என்று கோமதியிடம் சொன்னான். சொன்னது அவளிடம்தான். பார்த்தது என்னை.

பஸ்ஸில் கோமதி என் காதருகே குனிந்தாள். “என்னங்க, அங்க வாயத் திறக்கக் கூடாது. வணக்கம், தண்ணி போதும், வரோம். இந்த மூணு வார்த்தைதான்.”

“அது நாலு வார்த்தை” என்றேன்.

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெண்ணின் அப்பா ராமலிங்கம் முந்திரி வியாபாரி. தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் பேச்சு அவருடையது அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அக்கா தனபாக்கியம் அம்மாளுடையது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ராமலிங்கத்துக்குச் சர்க்கரை வியாதி. அவர் கேசரித் தட்டை எடுத்தார், அக்கா பார்த்தார், தட்டு கீழே போயிற்று.

அந்த அம்மாள் எனக்கு நேர் எதிரில் ஐந்தடி தூரத்தில் இருந்தார். அகலமான முகம், சின்னஞ்சிறு கண்கள். நான் கோமதி சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கையை மூடச் சொல்ல அவள் மறந்துவிட்டாள். அது தானாக நீண்டது. கட்டைவிரல் நிமிர்ந்தது. இடது கண் மூடிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இன்னும் முகம் மிச்சம் இருந்தது. அப்படி இருக்க முடியாதே என்று கண்ணைத் திறந்து, மறுபடி மூடி, முதலிலிருந்து எண்ணினேன். அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலாவது தடவை எண்ணும்போது அவர் டம்ளரை டக்கென்று வைத்தார்.

“இன்னாய்யா, நானும் அப்பத்துலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன். வெரலக் காட்டிக்கினு கண்ணு அடிச்சிக்கினு கீற?”

பிரபுவின் வாயில் போன கேசரி போன இடத்திலேயே நின்றது.

“ஐயோ, கண்ணடிக்கலீங்கம்மா” என்றேன். “உங்க மூஞ்சிய அளந்துட்டு இருந்தேன்.”

இதைக் கேட்டால் சமாதானமாகிவிடுவார் என்று உண்மையாகவே நம்பினேன்.

“மூஞ்சிய அளந்தியா? இன்னாத்துக்கு?”

“படம் வரையற கணக்குல எல்லாருக்கும் அஞ்சு கண்ணு அகலம்தான் இருக்கணும். உங்களுக்கு ஆறரை வருது. அதான் தப்பா எண்ணிட்டேனோன்னு திரும்பத் திரும்ப…”

ராமலிங்கம் எழுந்துவிட்டார். “சார், பெரியவராச்சேன்னு பாக்கறேன். நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, எங்கக்காவப் பாக்க வந்தீங்களா?”

கோமதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிரபு எழவில்லை. தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது வரனும் போயிற்று. இனி ஏழாவது என்று ஒன்று கிடையாது.

அப்போது உள்வாசலில் நின்ற சுகந்தி பேசினாள். “அத்தை, அவரு கண்ணடிக்கல.”

“உனக்கு இன்னாடி தெரியும்?”

“உதட்டப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினே இருந்தாரு. கண்ணடிக்கறவங்க எண்ணிக்கினா அடிப்பாங்க?”

“எண்ண மாட்டாங்கன்னு உனக்கு எப்டிடி தெரியும்?”

பிரபு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

தனபாக்கியம் அம்மாள் என் பக்கம் திரும்பினார். “சரி. நீ படம் வரையற ஆளுன்னா என்னிய வரஞ்சி காட்டு. வரலன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எண்ணிக்கினே போ.”

சுகந்தி ஒரு பரீட்சைத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நேரத்தில் விதியைத்தானே பிடித்துக்கொள்ள முடியும்? பாதியில் கண், ஐந்து கண் அகலம், மூன்று சம பாகம் என்று டீச்சர் சொன்னபடி ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து நீட்டினேன்.

“யாரு இது?” என்றார் அம்மாள்.

“நீங்கதாங்க.”

ராமலிங்கம் தாளைச் சாய்த்துப் பார்த்தார். “அக்கா, நம்ம எதிர் வூட்டுக்காரம்மா மாதிரி இல்ல?”

“அவகூட எனக்குப் பேச்சே கெடையாது. தேடிப் பிடிச்சி அவள வரஞ்சி வெச்சிக்கிறாரு பாரு.”

கோமதி கதவுப் பக்கம் நகர்ந்தாள். சுகந்தி மட்டும் குனிந்து படத்தைப் பார்த்தாள். “மாமா, அத்தைக்கு ஆறரைன்னு சொன்னீங்க. இதுல அஞ்சுதான இருக்கு?”

“அதாம்மா விதி. அஞ்சுதான் போடணும்.”

“அப்ப எதுக்கு எண்ணினீங்க?”

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மேட்டையாவது அது இருக்க வேண்டிய உயரத்தில் நான் பதிவேட்டில் எழுதியது கிடையாது. இருக்கிற உயரத்தைத்தான் எழுதினேன். தாளைத் திருப்பிப் போட்டேன். (அவள் என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. கோமதி கவனித்து, பையைக் கீழே வைத்துவிட்டாள்.)

இந்த முறை அம்மாளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கையை நீட்டினேன், கண்ணை மூடினேன். ஆறரை என்றால் ஆறரை. மூக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி இறங்கியது, இறக்கினேன். இடது காது அரை விரல் தாழ்ந்திருந்தது, தாழ்த்தினேன். கால் மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் படத்தை ராமலிங்கத்தின் பக்கம் திருப்பினேன். இந்தக் களேபரத்தில் மெதுவாக மறுபடி கேசரித் தட்டை எடுத்திருந்த மனிதர், படத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இந்த மொறப்பு என்னுதுதான்” என்றார். பிறகு, “மூக்குத்தி எங்க?”

போட்டுக் கொடுத்தேன். எட்டுக்கல் மூக்குத்தி.

“இப்ப சரி. படத்தப் பாத்து பையன் இன்னா சொல்றான்?”

பிரபு வாயிலிருந்த கேசரியை விழுங்கிவிட்டு, “எனக்குச் சம்மதங்க” என்றான். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. சுகந்தி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் வடலூரில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கோமதி கடைக்குப் போய் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தாள். “மண்டபத்துல நூத்துக்கணக்கா பொம்பளைங்க வருவாங்க. யாரைன்னு நான் போய்ச் சமாதானம் பண்ணுவேன்?” கல்யாண ஆல்பத்தில் இருநூற்று எண்பத்து நான்கு படங்கள். அறுபத்தொன்றில் நான் இருக்கிறேன். அறுபத்தொன்றிலும் கறுப்புக் கண்ணாடி. அன்று போட்டதை எந்த விசேஷத்திலும் கழற்ற எனக்கு இன்றுவரை அனுமதி இல்லை.

பேத்தியின் காதுகுத்துக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையாக விசாரித்தார். “கண்ணு ஆபரேஷனுங்களா சார்? ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நாற்காலியிலிருந்து தனபாக்கியம் அம்மாள் பதில் சொன்னார்.

“ஒரு கண்ணுதாங்க. அந்த ஒத்தக் கண்ண வெச்சிக்கினுதான் எங்க வூட்டுப் பொண்ண இட்டுக்கினு பூட்டாரு. ரெண்டையும் தொறந்து வுட்டா இன்னா ஆவறது?”