நவநீதன் இரு கோப்பும் ஒப்பிட்ட படலம்

வாழ்க நவநீதன்! நீர் சுருங்கி மணல் பெருகிய பாலாற்றங்கரையில், பதனிட்ட தோலின் வாசம் காற்றோடு கைகோத்து உலாவும் ஆம்பூர்ப் பெருநகரில், பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியின் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவெனும் குளிரூட்டிய கோட்டையில், சுழல்நாற்காலிச் சிம்மாசனம் ஏறிய செம்மல். ஒளி புகா விழியினன், ஊசி விழுந்தால் எந்த ஊசியென்று சொல்லும் செவியினன். வலக்காதில் இயர்போன் குண்டலம் தரித்து, இடக்காதை ஊர்வம்புக்கென ஒதுக்கிவைத்த ஞானி. மவுஸைத் தீண்டா நோன்பு பூண்டு, விசைப்பலகை ஒன்றாலேயே புரோகிராம் புனையும் வீரன். ஊர் குடியாத்தம். தினமும் பஸ்ஸில்தான் வந்து போவான்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு திங்கட்கிழமை சோதனை வந்தது. கேளுங்கள் அந்தக் கொடுமையை! கீழ்த்தளத்தில் தோல் வெட்டும் இயந்திர அரக்கன் ஒருவன் உண்டு. நவநீதன் எழுதிய புரோகிராமின் ஆணைக்கு அடங்கி, இடதுகால் ஒன்று, வலதுகால் ஒன்று என முறை பிறழாது வெட்டிவந்த அவ்வரக்கன், அன்று காலை மதிமயங்கி, இடதுகால் துண்டுகளையே மலையெனக் குவித்தான். இரண்டும் இடதுகாலாய்ப் பிறந்த மாந்தர் எங்கேனும் இருந்திருந்தால், அவர் குலம் முழுமைக்கும் ஆம்பூர் அன்றே செருப்பளித்திருக்கும். அப்படி யாரும் இல்லாததால் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

வழி என்னவோ எளியதுதான். வெள்ளிக்கிழமை ஒழுங்காக ஓடிய கோப்பு ஒன்று. இன்று குழப்பம் விளைவித்த கோப்பு ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய வரியைக் கண்டால் தீர்ந்தது கதை. அதற்கென்றே கம்பெனி வாங்கிவைத்த மென்பொருளும் இருந்தது. ஆனால் அந்த மகானுபாவன் நிறத்தால் மட்டுமே பேசும் ஊமை. மாறிய இடமெல்லாம் சிவப்பு, மாறாத இடம் வெள்ளை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். திரையில் உள்ளதை நவநீதனுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரோ, அந்த ஊமையின் முன்னே நின்று "காலி, காலி" என்று ஓலமிட்டதே அன்றி வேறொன்றும் மொழியவில்லை. நிறத்தை அது எப்படிப் படிக்கும், பாவம்!

அவ்வேளையில், பிரிவுத் தலைவர் மூர்த்தி எழுந்தருளி ஆணை பிறப்பித்தார்: "நவநீதா, நீ எதுக்கு பேஜார் படற? இனிமே நீ எழுதறத புஷ்ரா ஒருதபா கண்ணால பார்த்துடட்டும். அப்புறமா மெஷினுக்குப் போவட்டும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் கூடுதலாக வலித்தது. தவறிழைக்காத புரோகிராமர் மூவுலகிலும் இல்லை. இழைத்த தவறைத் தானே தேடிப் பிடிக்கும் உரிமை பக்கத்து நாற்காலி புஷ்ராவுக்கு உண்டு, நேற்று சேர்ந்தவனுக்கும் உண்டு. தனக்கு மட்டும் இனி இல்லையா? நவநீதனுக்கு அழுகையே வரும்போல் ஆகிவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு வஞ்சினம் உரைத்தான்.

"சாப்பாட்டு பெல் அடிக்கற வரைக்கும் டைம் குடுங்க சார். நானே புடிக்கறேன்."

அதுவரை சும்மா இருப்பானேன் என்று மூர்த்தியும் புஷ்ராவும் ஆகிய கண்ணுடையோர் இருவரும் நிறம் காட்டும் மென்பொருளைத் திறந்தனர். அந்தோ! முதல் வரி தொட்டுக் கடைசி வரி மட்டும், குருதி பெருகிய போர்க்களமாய்த் திரை முழுவதும் சிவப்பு. எல்லா வரியும் மாறியிருப்பதாக அது சாதித்தது. மூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.

நவநீதன் அப்பக்கம் திரும்பவே இல்லை. தட்டச்சிட்ட கட்டளைக்கு மட்டுமே பணியும் கருஞ்சாளரத்தைத் திரையில் திறந்து, நிறம் அறியாத, எழுத்து மட்டுமே அறிந்த பழைய ஒப்பீட்டுக் கட்டளையை ஏவினான். போன வரிக்கு 'மைனஸ்' என்றும் வந்த வரிக்கு 'பிளஸ்' என்றும் அது விடையளிக்க, ஸ்கிரீன் ரீடர் அதனை மற்றையோர் செவிக்கு வண்டின் ரீங்காரமாய் மட்டும் தோன்றும் வேகத்தில் பொழிய, நம் வீரன் அப்பொழிவின் நடுவே தலை சாய்த்து நின்றான். மைனஸ் ஒரு வரி. பிளஸ் அதே வரி. மைனஸ் இன்னொன்று. பிளஸ் அதுவே! ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர்போல் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் அணிவகுத்தன. ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனாலும் எல்லாம் மாறியதாக அதுவும் சாதித்தது. எரிச்சலில் இயர்போனையே கழற்றி எறியப் பார்த்தான்.

எறியவில்லை. ஒரே ஒரு வரியைப் பற்றி, அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக ஊர்ந்து, கடைசி எழுத்தையும் கடந்து, இனி ஒன்றுமில்லை என்று உலகோர் திரும்பிவிடும் எல்லைக்கு அப்பால் இன்னும் ஓரடி வைத்தான். அங்கே ஒளிந்திருந்தான் பகைவன்! கண்ணுக்குத் தெரியாத, வரியின் முடிவைக் குறிக்கும் உபரிக் குறியொன்று. சில கம்ப்யூட்டர்கள் சேமிக்கும்போது ஒவ்வொரு வரியின் வாலிலும் தாமாகவே அதை ஒட்டிவிடும். வேலைக்குக் கெடுதல் செய்யாது. ஒப்பிடுவோரின் உயிரை மட்டும் வாங்கும்.

கண்டதை அவன் உரக்கச் சொன்னதும் புஷ்ராவின் குரல் இறங்கியது. "சனிக்கிழம படிச்சுப் பார்க்கலாம்னு என் லேப்டாப்ல தொறந்தேண்ணா. சேவ்தான் பண்ணேன். வேற ஒண்ணும் தொடல."

"அது பரவால்லம்மா" என்றான் நவநீதன். வரிமுடிவைப் பொருட்படுத்தாதே என்று கட்டளைக்கு ஒரு சொல் கூட்டி மீண்டும் ஏவினான். ஆயிரவர் சேனை அக்கணமே கலைந்தது. வெட்டவெளியில், இடதுகால் வடிவத்தையே புரட்டி வலதுகால் வெட்டச்சொல்லும் ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சி நின்றது. மைனஸ்: வலதுகாலுக்குப் புரட்டிப் போடு, ஆம். பிளஸ்: வலதுகாலுக்குப் புரட்டிப் போடு, இல்லை.

முரசு முழங்கவேண்டிய அத்தருணத்தில் வீரனுக்குத் தன் கைவேலையே நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை புது மாடலைச் சோதிக்க இடதுகால் மட்டும் போதுமென்று 'இல்லை' போட்ட கை எது? குடியாத்தம் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று திருப்பிவைக்க மறந்து ஓடிய கால் எது? பக்கத்தில் புஷ்ரா இன்னும் பயந்துதான் நின்றாள். பேசாமல் இருந்தால் பழி அவள்மேல் தானாகவே போய்ச் சேரும்.

"புஷ்ரா மேல தப்பில்ல சார். நான்தான். டெஸ்ட் பண்ண மாத்துனேன், திருப்பி வைக்கல."

மூர்த்தி சிவந்த திரையை ஒருமுறை பார்த்தார், கருந்திரையின் ஒற்றை வரியை ஒருமுறை பார்த்தார், பிறகு மற்ற எல்லாரிடமும் சலித்துக்கொள்வதுபோலவே அவனிடமும் சலித்துக்கொண்டார்.

"இன்னா நவநீதா, நீயே இப்டி பண்ணா எப்டி? சரி, நீயே மாத்தி அனுப்பு. யாரும் பார்க்க வேணாம்."

நவநீதன் 'இல்லை'யை 'ஆம்' என்று மாற்றி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான்.