சுப்புலக்ஷ்மி ‘முடியாது’ சொன்ன நாள்

“முடியாது,” என்றாள் சுப்புலக்ஷ்மி.

வாசலில் நின்ற நாணு, பெங்களூர் தொம்மலூரில் இருந்த அந்த அபார்ட்மென்ட்டின் சங்கத் தலைவர். காதில் விழாதவர் போலச் சிரித்தார்.

“செகரட்டரி வேலை ஒண்ணும் பெரிசில்ல மேடம். ஒரு வருஷம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

போன வருஷம் முழுக்க அவள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டவள்தான். மாடி வீட்டு நாயைப் பதினெட்டு நாள் பார்த்துக்கொண்டாள். எதிர் வீட்டுப் பெண்ணின் பள்ளி புராஜெக்டுக்கு எரிமலை மாடல் செய்து கொடுத்தாள். அதனால்தான் இன்று, ஜனவரி முதல் தேதி, புது டைரியில் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘இந்த வருஷம் யார் கேட்டாலும் முடியாது.’

காரணம் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

“ஏன் மேடம்?”

“ஊர்ல இருக்கமாட்டேன். மைசூர் போறேன். ரெண்டு மாசம் ஆகும்.”

“அடடே, என் மச்சான் இன்னிக்கு மைசூர்தான் போறான். கார்லயே ஏறிக்கோங்க.”

“மைசூர்னா சொன்னேன்? டெல்லி. ஃப்ளைட்.”

“என்னிக்கு?”

“இன்னிக்கே,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்போ நானே ஏர்போர்ட்ல விட்டுடறேன்.”

ஒரே நாளில் இரண்டு முறை ‘முடியாது’ சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

பத்து நிமிஷத்தில் பெட்டியோடு இறங்கினாள். நாணு அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமே இல்லியே! டெல்லி குளிர் தெரியுமா?”

மேலே ஓடிப்போய் மனைவியின் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்தார். அவள் போட்டுக்கொள்ளும்வரை வண்டியைக் கிளப்பவில்லை.

விமான நிலையத்தில் இறக்கிவிட்டு அவர் கையசைத்தார். கார் மறையும்வரை அவளும் அசைத்தாள். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தாள். ரெண்டு மாசம் எங்கே ஒளிந்திருப்பது? அழுகை வரும்போல இருந்தது. பேசாமல் சரி என்றே சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் யாரோ பெட்டியை நகர்த்தினார்கள். திரும்பினாள். அவர்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடி மௌரீன்.

“மௌரீன்! நீங்க எங்க கிளம்பிட்டீங்க?”

மௌரீன் அவளுடைய ஸ்வெட்டரை ஒருமுறை பார்த்தாள்.

“நான் நாணு சார்கிட்ட லண்டன்னு சொல்லி, அவரோட ஏழு மணி ட்ரிப்லயே வந்துட்டேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அடுத்த ட்ரிப்ல ரெண்டாம் மாடி தேசிகன் சார் வர்றாராம்.”